இருபதாவது படி

கோடம்பாக்கம், சென்னை
12.3.1970

பூவுக்கு,

பதினெட்டு வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் நான் போடுகிற கார்டுக்கு நீ ஒரு வரி பதில் எழுதியதில்லை. இதற்கும் எழுதமாட்டாய் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கார்டில் அடங்காத சங்கதி என்பதால் இந்தத் தடவை கவர்.

நம் புங்கம்பாக்கத்திலிருந்து போன வாரம் நாலு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஊர்ப் பெரியதனம் குப்புசாமி முன்னால், மற்ற மூன்று பேர் பின்னால். உன் அண்ணி காந்தா காபி கொடுத்தாள். குப்புசாமி டம்ளரை அண்ணாந்து காலி செய்துவிட்டு நேராகவே ஆரம்பித்தார். "இந்த வருசம் திரௌபதையம்மனுக்கு பாரதம் வைக்கிறோம்பா. பதினெட்டு வருசமா அர்ஜுனன் ஏறித் தவம் பண்ற தபசு மரம் நடாம ஊரு மூளியா கெடக்குது. அர்ஜுனன் வேசம் உங்க வூட்டு மொறை. நீ உசுரோட இருக்கச்சொல்ல இன்னொருத்தன் ஏறக் கூடாது. வந்து ஏறிக் குடுத்துட்டுப் போ."

நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி. எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. பதிமூன்று வயதில் அப்பா என்னை நாடகக் கம்பெனியில் விட்டார். பதினெட்டில் ராஜபார்ட். கொழும்பு, ரங்கூன் வரைக்கும் கிரீடம் வைத்து ஆடினேன். சினிமாவுக்கு வந்தபிறகு எழுபத்தொரு படம். அதில் நாற்பத்தெட்டில் செத்திருக்கிறேன். மலையிலிருந்து உருட்டி, குதிரையிலிருந்து தள்ளி, ஒரு படத்தில் முதலைக்குக்கூடப் போட்டார்கள். இப்போது வில்லன் வேஷத்துக்கும் இளசாக ஆள் வந்துவிட்டது. போன மாதம் நான் பேசியது ஒரே வசனம். "ஆளை முடிச்சாச்சு பாஸ்." அவ்வளவுதான்.

ஒரு கம்பெனியில் மட்டும் என்னை அப்பா வேஷத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரைக்கும் சாகாத அப்பா. இருபத்தொரு சீன். கிடைத்தால் என் காலம் மாறும். ஆனால் ஜூனுக்கு முன்னால் படப்பிடிப்பு இருக்காது என்கிறார்கள்.

எத்தனையோ வேஷம் போட்டேன். அந்த அர்ஜுனன் ஒன்றைத்தான் பாதியில் விட்டு வந்தேன். அதை முடிக்க வேண்டும். மே மாதம் பத்தாம் தேதி மத்தியானம் மரம் ஏறுகிறேன். நீ வரவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பரசு

*

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
20.3.1970

பரசுராமன் அவர்களுக்கு,

பூவம்மாள் எழுதுவது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதவேண்டிய இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள்.

நீங்கள் வரக் கூடாது.

காரணம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் நீங்கள் மறந்ததாக நடிக்க முடியாது. மரம் ஏறுகிற வீட்டில் இரண்டு ஆண்களுக்குக் காப்புக் கட்டுவார்கள். ஒருவர் ஏறுவதற்கு, இன்னொருவர் மாற்றாக. காப்புக் கட்டியவன் தீமிதி முடிந்து அதை அவிழ்க்கும் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. முதல் ஆள் ஏறாமல் போனால், பொழுது சாய்வதற்குள் இரண்டாவது ஆள் ஏறியே ஆகவேண்டும். அந்த வருஷம் முதல் காப்பு உங்கள் கையில். இரண்டாவது காப்பு, பேருக்குக் கட்டியது, நம் மூவரில் கடைசியான சின்னப்பையன் கையில். அவனுக்கு இருபத்தொரு வயது. மரத்தில் ஏறிப் பழகியதே இல்லை.

விடிந்தால் மரம் ஏறவேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? அம்மாவின் பாக்குவெட்டியை எடுத்து மஞ்சள் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினீர்கள். சினிமாவில் கூப்பிட்டார்களாம். பெரியவர்கள் சின்னப்பையனிடம் "அண்ணனுக்கு வயித்துப்போக்கு, படுத்துக்கினு இருக்கான்" என்று பொய் சொல்லி ஏற்றினார்கள். இருபதாவது படியிலிருந்து விழுந்தான்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் என் வீட்டு நடையில், கட்டிலில், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தான். உங்களைத் திட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். உங்கள் முதல் படம் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது பார்த்தே தீருவேன் என்றான். வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். உள்ளே விட இடமில்லை. திரைக்குப் பின்பக்கம் வண்டியை நிறுத்தினோம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். "அண்ணன் எப்போக்கா எடது கையால கத்தி புடிக்கக் கத்துக்கினாரு?" என்று கேட்டுச் சிரித்தான். அவனை எடுத்த அன்றைக்கு, இனி புங்கம்பாக்கத்து எல்லையில் காலை வைக்கமாட்டேன் என்று சொன்னேன். வைக்கவில்லை.

இப்போது கேளுங்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லை. நம் வீட்டில் மிச்சமிருக்கும் ஆண் என் மகன் பழனி. இருபத்துமூன்று வயது. மாற்றுக் காப்பை யார் கையில் கட்டுவார்கள் என்று யோசித்தீர்களா? நீங்கள் மறுபடியும் ஓடினால் யார் ஏறுவது?

உங்களுக்குக் கும்பிடு. வராதீர்கள்.

மு. பூவம்மாள்

*

கோடம்பாக்கம்
2.4.1970

பூவு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். படித்தபிறகு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. சின்னப்பையன் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தது எனக்கு இத்தனை நாளும் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

நீ அடுக்கியதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நீ மட்டுமா தம்பியை இழந்தாய்? ஒவ்வொரு படத்திலும் நான் உயரத்திலிருந்து விழுகிற காட்சி என்றால் டூப் வேண்டாம் என்று சொல்லி நானே விழுவேன். எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். நான் எதற்கு விழுந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அதில்தான் வலது முழங்கால் போயிற்று.

ஓடமாட்டேன். எழுதித் தருகிறேன், வேண்டுமானால் முத்திரைத் தாளில். தினமும் காலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஏணியில் முப்பது தடவை ஏறி இறங்குகிறேன். "இந்த வயசுல தொட்டிக்குள்ள என்ன தேடுறீங்க?" என்று காந்தா கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வரவில்லையா என்று விசாரிக்கிறார். மரத்தில் முப்பத்தாறு படி. ஏறிவிடுவேன்.

பழனி கையில் காப்புக் கட்டவேண்டாம் என்று குப்புசாமிக்கு நான் எழுதினேன். மாற்று ஆள் இல்லாமல் மரம் நடமாட்டோம் என்று பதில் வந்தது. அந்தப் பயலும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நீ சொல்லிவை. உன் பேச்சைக் கேட்பான்.

பரசு

*

பிள்ளையார்பாளையம்
26.4.1970

உங்களுக்கு,

கேட்கவில்லை.

நேற்றுக் காலையில் பழனி வாடகை சைக்கிள் கடையைத் திறக்கவில்லை. இவர் போய்ப் பார்த்தால் சைக்கிள் எல்லாம் சங்கிலியில் கிடக்கிறது, ஆளைக் காணோம். பஸ் ஸ்டாண்டில் விசாரித்தோம். கண்டக்டர் கண்ணாயிரம், "உம் புள்ளைய நாந்தாம்மா புங்கம்பாக்கத்துல எறக்கிவுட்டேன். மாமா வராருன்னு துள்ளிக்கினு போனான்" என்கிறார்.

போவதற்கு முன்தினம் என்னிடம் சண்டை. "மாமா ஏறலன்னா நான் ஏறுவேன்மா. பயந்துக்கினு ஊட்லயே குந்திக்கினு இருக்கச் சொல்றியா?" என்றான். பயந்தவன் உயிரோடு இருப்பான் என்றேன். "சின்ன மாமா பயப்படலியே" என்றான். சின்னப்பையன் கதையை வீரக்கதையாக அவனுக்கு யார் சொன்னது? நானேதான் சொல்லியிருக்கிறேன், சின்ன வயதில், தூங்கவைக்கும்போது.

இவர் நிதானமாக இருக்கிறார். "மாமன்காரன் ஏறிட்டான்னா முடிஞ்சிபோச்சி, எதுக்கு நீ ஆடற?" என்கிறார். அந்த 'ஏறிட்டான்னா' என்ற வார்த்தையில் தொங்கிக்கொண்டுதான் நான் பதினைந்து நாள் சோறு தின்ன வேண்டும்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அவனை ஊரை விட்டு அனுப்புங்கள். காப்பு கட்டுவது இருபத்தொன்பதாம் தேதி. அதற்குள்.

பூவம்மாள்

*

புங்கம்பாக்கம்
30.4.1970

பூவு,

கட்டிவிட்டார்கள்.

பழனியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லைக் கல் வரைக்கும் போனேன். அதற்குள் ஊரே பின்னால் வந்துவிட்டது. பையன் என் கையை உதறிவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டான்: "நீ ஓடமாட்டேன்னா நான் இருந்தா உனக்கு இன்னா மாமா?" எழுபத்தொரு படத்தில் வசனம் பேசியவன், என் மருமானுக்குப் பின்னால் கோயிலுக்கு நடந்தேன். அம்மன் சந்நிதியில் முதல் காப்பு எனக்கு, இரண்டாவது அவனுக்கு.

விரதம் நடக்கிறது. ஒரு வேளைச் சோறு, கோயில் மண்டபத்தில் படுக்கை. நேற்றுப் பனைமரத்தை வெட்டிக் கொண்டுவந்தார்கள். மரத்தைச் சீவும்போது நான் பக்கத்தில் போகவில்லை.

உன்னிடம் ஓர் உபகாரம். இந்த ஊரில் தந்தி ஆபீஸ் கிடையாது. அந்த அப்பா வேஷக் கம்பெனிக்கு உன் வீட்டு விலாசத்தைத்தான் கொடுத்துவிட்டு வந்தேன். ஏதாவது வந்தால் கண்ணாயிரத்திடம் கொடுத்து அனுப்பு. தபால் வேண்டாம், அவர் தினமும் இரண்டு நடை வருகிறார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது.

எட்டு மைல் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறோம். நான் எல்லை தாண்டக் கூடாது, நீ எல்லைக்குள் வரமாட்டாய். நல்ல குடும்பம்.

பரசு

*

பிள்ளையார்பாளையம்
6.5.1970

அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயில் அதிகம். ரங்கசாமி குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு ஏலவார்குழலி தறிக்குத் தெருவில் பாவு நீட்டியிருந்தாள், காற்று அடித்து அந்தண்டை இழை இந்தண்டை வந்து சிக்கிக்கொண்டது. மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து பிரித்தாள்.

பழனிக்கு ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். விரதத்துக்கு ஆகாது என்றால் நீங்கள் வைத்துக்கொள்ளாமல் கோயிலில் கொடுத்துவிடவும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பூவம்மாள்

*

புங்கம்பாக்கம்
7.5.1970

பூவு,

நீ எனக்கு வெயிலைப் பற்றி எழுதுகிறாய். 'அண்ணனுக்கு' என்று வேறு ஆரம்பித்திருக்கிறாய். போன கடிதம் வரைக்கும் நான் வெறும் 'உங்களுக்கு'.

நான் நடிகன். வசனம் மறந்தவன் மேடையில் என்ன செய்வான் தெரியுமா? மேஜையைத் துடைப்பான், ஜன்னலைப் பார்ப்பான், மழை வருமா என்று கேட்பான். உன் கடிதம் அப்படி இருக்கிறது. விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதினாயே, கம்பெனியிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று ஏன் எழுதவில்லை?

மரம் நட்டாகிவிட்டது. கோயில் வாசலிலிருந்து பார்த்தால் அதன் நுனி தெரியவில்லை, வெயில் கண்ணில் அடிக்கிறது. பழனி தினமும் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறான். படிக்கட்டைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கிறான். அவன் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நம்பிக்கையும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. நான் ஓடிவிட்டால் நன்றாக இருக்குமே என்கிற ஆசை.

வந்திருந்தால் அனுப்பு.

பரசு

*

பிள்ளையார்பாளையம்
9.5.1970, காலை

அண்ணா,

வந்தது. ஐந்தாம் தேதியே வந்துவிட்டது.

பாவு தெருவை அடைத்துக்கொண்டிருந்ததால் தந்திக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தார். யாருக்கோ சாவு என்று ஏலவார்குழலி வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். தந்திக்காரரே படித்துத் தமிழில் சொன்னார். "அப்பா வேஷம் உறுதி. தேதி முன்கூட்டி மாறியது. பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் படப்பிடிப்பு. வராவிட்டால் வேறு நடிகர்."

பத்தாம் தேதி. உன் மரமும் பத்தாம் தேதி.

வாங்கி, மடித்து, உளுந்து டப்பாவில் போட்டு மூடினேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இதைப் பார்த்தால் நீ போய்விடுவாய், நீ போனால் பழனி ஏறுவான். அதற்குப் பிறகு நாலு நாளாக அந்த டப்பா இருக்கிற பக்கம் திரும்பாமல் சமைக்கிறேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று உன் கடிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு சின்னப்பையனிடம் உண்மையை மறைத்துத்தான் மரம் ஏற்றினார்கள். அண்ணன் ஓடிவிட்டான் என்று தெரிந்திருந்தால் அவன் ஏறியிருப்பானோ மாட்டானோ, அது அவன் பாடு. பொய்யை நம்பி ஏறினான். இன்றைக்கு நான் உன்னிடம் மறைத்து உன்னை ஏற்றப் பார்க்கிறேன். நீ ஏறி, கால் தவறினால், அந்தத் தந்தியை நான் என்ன செய்வது? உளுந்து டப்பாவிலேயே வைத்திருப்பதா?

இதோ இணைத்திருக்கிறேன். இன்றைக்கு மத்தியான பஸ்ஸைப் பிடித்தால் சாயந்திரம் சென்னை போய்விடலாம். இருபத்தொரு சீன். உன் காலம் மாறும். நீ போவதானால் போ. போவதானால் ஒன்றே ஒன்று, முதலில் பழனியைக் கட்டிப்போட்டுவிட்டுப் போ. மரத்திலோ தூணிலோ, எதிலாவது. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

மறைத்ததற்கு என்னைத் திட்டு. திட்டினால் எனக்கு நல்லது.

பூவம்மாள்

*

புங்கம்பாக்கம்
9.5.1970, சாயந்திரம்

பூவு,

நான் போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மூச்சு விடு.

தந்தி எனக்குப் புதிதில்லை. பதில் வராததால் நேற்று மத்தியானம் கம்பெனிக் காரே வந்துவிட்டது. புரொடக்ஷன் மானேஜர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு நின்றார். நான் இந்தப் பக்கம். "சார், கதவு தெறந்திருக்கு, ஏறுங்க" என்றார். காப்பைக் காட்டினேன். "ஒரு கயிறுதானே சார்" என்றார். ஆமாம், ஒரு கயிறுதான், ஒரு தடவை அறுத்துப் பார்த்தவன் நான். கார் திரும்பிப் போகும்வரை நின்றுகொண்டிருந்தேன். போனபிறகு எல்லைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேஷம் போனதற்காக இல்லை.

இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். காந்தாவுக்கும் தெரியாது.

அந்த வருஷம் என்னைச் சினிமாவில் கூப்பிட்டது உண்மை. ஆனால் கூப்பிட்ட நாள் அடுத்த வாரம். மரம் ஏறி, தீமிதி முடிந்து, காப்பை அவிழ்த்துவிட்டு, சாவகாசமாகவே போயிருக்கலாம். முன்தினம் சாயந்திரம் மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். உச்சி தெரிந்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். ராஜபார்ட் நடிகன், முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? சினிமா என்று சொன்னால் ஊர் மன்னிக்கும், பயம் என்றால் மன்னிக்காது. விடிவதற்குள் பாக்குவெட்டியை எடுத்தேன். சினிமாவுக்காகத் தம்பியை விட்டுப் போனவன் என்று நீ என்னை வெறுத்தாய். அந்த வெறுப்பு எனக்கு ஒருவகையில் சௌகரியமாக இருந்தது. உண்மை அதைவிட அசிங்கம்.

பூவு, எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது. அன்றைக்கு இருந்த அதே பயம். தொட்டி ஏணியெல்லாம் சும்மா.

அதனால் ஒன்று கேட்கிறேன். பழனி பின்னால் நிற்கும்வரை என்னால் ஏற முடியாது. மாற்று ஆள் இருக்கிறான், நீ இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும் என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. குப்புசாமியிடம் சண்டை போட்டேன். கடைசியில் இறங்கிவந்தார். "கட்டின காப்ப நடுவுல அவுக்கணும்னா பெத்தவ வந்து அவுக்கணும்பா. அம்மன் முன்னால நின்னு, எம் புள்ளைய எனக்குக் குடுன்னு கேட்டு அவுக்கணும். வேற எவன் கையும் படக் கூடாது" என்கிறார்.

நீ எல்லைக்குள் வரவேண்டும். வந்து பழனியின் காப்பை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தபிறகு நான் ஓடினால் மரம் காலியாக நிற்கும், நம் வீட்டு மானம் போகும், அவ்வளவுதான். உன் பிள்ளை தப்பிப்பான். நாளை காலை முதல் பஸ். கண்ணாயிரத்திடம் உனக்கு இடம் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பரசு

*

பிள்ளையார்பாளையம்
12.5.1970

அண்ணா,

உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டேன் என்று பழனி இரண்டு நாளாக என்னைக் குடைகிறான். நீ மரத்திலிருந்து இறங்கி நின்றபோது உன்னைச் சுற்றி ஊரே இருந்தது. கிட்டே வந்திருந்தால் வாய்விட்டு அழுதிருப்பேன். ஊருக்கு நடுவில் அழ எனக்கு இஷ்டமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எல்லைக் கல்லைத் தாண்டும்போது கால் கூசியது. கோயில் வாசலில் பழனி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மன் முன்னால் நின்றேன். என்ன கேட்கவேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள், பாதியிலேயே விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தேன். முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். நனைந்து நனைந்து இறுகிப்போயிருந்தது. அவன், "மெதுவாம்மா" என்றான். அப்போதுதான் என் மகன் எனக்குத் திரும்பி வந்தான். நீ மண்டபத்துத் தூண் ஓரத்தில் அரிதாரத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போது ஓடுவானோ என்று நான் உன் காலைத்தான் பார்த்தேன்.

ஓடவில்லை. மூன்று மணிக்கு மரத்தைச் சுற்றிவந்து, கும்பிட்டு, ஏறத் தொடங்கினாய். சிவனிடம் அஸ்திரம் வாங்கக் கைலாசத்துக்குப் போகிற அர்ஜுனனுக்கு வலது முழங்கால் மடங்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு நீ மேலே பாடுவதும், கீழே பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவதுமாகப் போனது. நான் படியை எண்ணிக்கொண்டே வந்தேன். இருபதில் நின்றுவிட்டாய்.

பாட்டு வரவில்லை. பின்பாட்டுக்காரர்கள் பழைய அடியையே திரும்பப் பாடினார்கள், மறுபடியும் பாடினார்கள். மத்தளக்காரர் அடித்துக்கொண்டே மேலே பார்த்தார். உன் கால் நடுங்குவது கீழே இருந்து தெரிந்தது. கூட்டத்தில் எல்லாரும், "கோவிந்தா! ஏறு! ஏறு!" என்று கத்தினார்கள்.

நான் என்ன கத்தினேன் என்று உனக்குக் கேட்டதோ இல்லையோ. "எறங்கி வந்துடு ண்ணா! போதும், எறங்கி வந்துடு!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவள், "அபசகுனம் பேசாதடி" என்று என் வாயைப் பொத்த வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டுக் கத்தினேன்.

அண்ணா, நீ உன் அசிங்கத்தைச் சொன்னாய். என்னுடையதையும் கேள். சின்னப்பையன் ஏறின அன்றைக்கு நான் அதே இடத்தில்தான் நின்றேன். இருபதாவது படியில் அவன் கால் நடுங்கியது, நான் பார்த்தேன். ரொம்ப நேரம் நின்றான். கீழே குனிந்து யாரையோ தேடினான். இறங்கிவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன்தான் ஓடிவிட்டான், இவனும் இறங்கினால் நம் வீட்டு மானம் என்னாகும் என்று நினைத்தேன். எல்லாரோடும் சேர்ந்து நானும், "ஏறு ஏறு" என்றேன். அவன் என் குரலைக் கேட்டுத்தான் அடுத்த படிக்குக் காலைத் தூக்கினான். அதை நான் அறிவேன். ஆறு வருஷம் அவனுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அதை அறிவேன். உன்னை எவ்வளவு திட்டினாலும் அது குறையவில்லை.

நீ மேலே போய்விட்டாய். முப்பத்தாறு படியும் ஏறி உட்கார்ந்தாய். நீ மேலிருந்து பிரசாதமாக எறிந்த எலுமிச்சம்பழம் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. நான் எடுக்கவில்லை. பிள்ளை இல்லாத ஒருத்தி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டாள்.

பழனி நேற்றுக் கடையைத் திறந்துவிட்டான்.

பூவம்மாள்

*

புங்கம்பாக்கம்
13.5.1970

பூவு,

கேட்டது. நூறு பேர் ஏறு என்று கத்தியதில் எனக்குக் கேட்டது உன் ஒருத்தி குரல்தான்.

இருபதாவது படியில் என் உடம்பு மரத்துப்போயிற்று. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. கையை விட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்போது நீ இறங்கி வா என்றாய். சரி, இறங்கலாம், கீழே ஒருத்தி இருக்கிறாள், திட்டமாட்டாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் நடுக்கம் நின்றது. நடுக்கம் நின்றதும் ஏறிவிட்டேன். எனக்கே ஆச்சரியம்தான்.

சின்னப்பையனைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். நீ ஏறச் சொன்னதால் அவன் விழவில்லை. அவன் நிற்கவேண்டிய இடமே அது இல்லை. அங்கே நான் நிறுத்திவிட்டுப் போனேன். பதினெட்டு வருஷம் பாரத்தை ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகத் தூக்கியிருக்கிறோம். இனிமேல் உன் பங்கை என்னிடம் கொடு. என் தோள் பெரியது, நீயே சொல்வாய்.

அப்பா வேஷத்துக்கு வேறு நடிகரைப் போட்டுப் படப்பிடிப்பு நடக்கிறதாம். காந்தா எழுதியிருக்கிறாள். நேற்றெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது, மறைக்கவில்லை. இனி அப்படி ஒரு வேஷம் வராது. மறுபடியும் 'முடிச்சாச்சு பாஸ்'தான்.

பதினேழாம் தேதி தீமிதி. அன்றைக்கு என் காப்பை அவிழ்க்க வேண்டும். பெற்றவள் இல்லாதவனுக்கு உடன்பிறந்தவள் அவிழ்க்கலாம் என்று குப்புசாமி சொல்கிறார். போன தடவை யாரையும் கேட்காமல் நானே அறுத்தேன். இந்தத் தடவை முடிச்சு ரொம்ப இறுகியிருக்கிறது. என்னால் ஆகாது.

நீ வராவிட்டால் இதை இப்படியே கட்டிக்கொண்டு இந்த ஊரிலேயே கிடப்பேன். வேறு வழி தெரியவில்லை.

பரசு

*

பிள்ளையார்பாளையம்
15.5.1970

அண்ணா,

கயிற்றில் கையை வைக்காதே. பக்கத்தில் பாக்குவெட்டி ஏதாவது இருந்தால் தூர எடுத்துப் போடு. நாளைக்கே வருகிறேன்.

பூவு